கொங்குத் திரையில் எழுபதுகளின் தொடக்கம்

1970 முதல் 1974 வரை வெளிவந்த தமிழ்ப் படங்களைப் புராணம், சரித்திரம், குடும்பம், சண்டை, துப்பறிதல், நகைச்சுவை, சமூக விமரிசனம் என ஏழெட்டு வகையாகப் பிரிக்கலாம். இந்த வகைகள் முன்பே இருந்தவைதாம். ஆனால் இந்த ஐந்தாண்டுகளில் ஒவ்வொரு வகைக்கும் தனி நாயகர்கள், தனித் தயாரிப்பு முறை, தனி ரசிகர் கூட்டம் என்று ஓர் ஏற்பாடு உறுதிப்பட்டிருந்தது. இந்த வரலாற்றில் கோவை மாவட்டத்துக்கு இரட்டைப் பங்கு உண்டு. படங்களை வாங்கிப் பார்த்த பெரிய சந்தைகளில் அது ஒன்று. அப்படங்களில் சிலவற்றை உருவாக்கியவர்கள் தொழில் கற்ற இடமும் அதுவே.

அந்தச் சந்தையின் சிற்றூர்களுக்கு ஓர் உதாரணம் சோமனூர். போத்தனூர்–ஈரோடு ரயில் பாதையில் கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே உள்ள நெசவு ஊர் அது. பக்கத்திலேயே கருமத்தம்பட்டி, அதை ஒட்டி அவினாசி சாலை. கைத்தறி இருந்த வீடுகளில் விசைத்தறி ஏறி, பாவும் நூலும் வாங்கிக் காடாத்துணி நெய்து கொடுக்கும் கூலி நெசவு அந்த வட்டாரத்தின் பிழைப்பானது. அன்றைய கோவை மாவட்டம் இன்றையதைவிடப் பல மடங்கு பெரியது. ஈரோடு 1979-ல்தான் பெரியார் மாவட்டம் என்ற பெயரில் பிரிந்தது. திருப்பூர் 2009-ல் தனி மாவட்டமானது. பட விநியோகஸ்தர்கள் இந்தப் பரப்போடு நீலகிரியையும் சேர்த்துக் ‘கோவை ஏரியா’ என்று விலை பேசினார்கள். ஆலைக் கூலி, தறிக் கூலி, கிணற்றுப் பாசனத்தில் விளைந்த பருத்தி, கரும்பு, மஞ்சள் ஆகியவற்றின் வரவு என்று கையில் காசு புழங்கிய பகுதி என்பதால், தயாரிப்பாளர்கள் அதைக் கணக்கில் வைத்தே படம் எடுத்தார்கள்.

கோவை நகரில் டிலைட், ராயல், கர்னாடிக், ராஜா என்று பல தியேட்டர்கள் இருந்தன. எந்தப் படத்தை எந்த அரங்கில் போடுவது என்று அங்கே பிரித்துக்கொள்ள முடிந்தது. சிற்றூரில் ஒரே திரையில் அத்தனையும் முறைவைத்து ஓடியாக வேண்டும். அதனால் படங்களின் வகை வேறுபாடு அங்கேதான் துலக்கமாகத் தெரிந்தது. பண்டிகைக்கு ஒன்று, ஆடி மாதத்துக்கு ஒன்று, வாரக் கூலி கைக்கு வரும் நாளுக்கு ஒன்று என்று கொட்டகைக்காரர் படம் தேர்ந்தார்.

முன்கதை: மூன்று ஸ்டுடியோக்கள்

கோவையின் திரை வரலாறு சாமிக்கண்ணு வின்சென்ட்டிலிருந்து தொடங்குகிறது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905-ல் தூபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கைக் கட்டினார். அதுவே பிற்பாடு டிலைட் தியேட்டர் ஆனது. அரங்கின் பழைய பெயர் இன்றும் அந்தச் சாலையின் பெயராக நிற்கிறது.

1930-களின் நடுப்பகுதியில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’, எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) ஆகியவை அங்கே உருவான படங்கள். அந்த ஸ்டுடியோவின் தொடக்கத்தில் பங்குகொண்ட எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு 1945-ல் பட்சிராஜா ஸ்டுடியோவைத் தனியாக நிறுவினார். அங்கே அவர் எடுத்த ‘மலைக்கள்ளன்’ (1954) தமிழோடு சேர்த்து ஆறு மொழிகளில் வந்தது. அதன் இந்தி வடிவமான ‘ஆசாத்’ (1955) படத்தில் திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தார்கள். சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அந்த வளாகத்திலிருந்து வந்ததே.

எழுபதுகள் பிறந்தபோது கோவையின் இரு ஸ்டுடியோக்களும் ஓய்ந்துவிட்டன. சென்ட்ரல் மூடப்பட்டிருந்தது, ஸ்ரீராமுலு நாயுடு பெங்களூருக்கு இடம் பெயர்ந்திருந்தார். நடிகர், தொழிலாளர், இசைக்குழு, ஒலிப்பதிவு, லேப் எல்லாம் சென்னையில் குவிந்துவிட்டதால், கோவையில் படம் எடுப்பது செலவுக் கணக்கில் கட்டுபடியாகவில்லை. சேலம் மட்டும் தாக்குப்பிடித்தது. ஆனால் கோவை ஸ்டுடியோக்களில் சில்லறை வேடம் கட்டியும் சண்டை போட்டும் வளர்ந்த ஒருவர், சென்னைக்குப் போன பிறகும் கொங்குநாட்டுச் சந்தையை மனத்தில் வைத்தே படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் சாண்டோ எம்.எம்.ஏ.சின்னப்பா தேவர்.

தேவர் பிலிம்ஸ்: யானை, பசு, பாம்பு, முருகன்

சின்னப்பா தேவர் 1915-ல் கோவை ராமநாதபுரத்தில் பிறந்தவர். பங்கஜா மில்லில் தொழிலாளியாக வேலை பார்த்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் உடம்பை வளர்த்தார். அந்த உடம்பை வைத்து ஸ்டுடியோக்களில் அடியாள் வேடங்களைப் பெற்றார். அப்போது உண்டான பழக்கம்தான் எம்.ஜி.ஆர். நட்பு. 1956-ல் ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்தோடு தேவர் பிலிம்ஸ் தொடங்கியது. தம்பி எம்.ஏ.திருமுகம் இயக்குநர். எம்.ஜி.ஆரை வைத்து அந்த நிறுவனம் எடுத்த படங்கள் 16. அவற்றில் கடைசிப் படம் 1972-ல் வந்த ‘நல்ல நேரம்’.

தேவர் படங்களின் அடையாளம் விலங்கு. முதல் படத்திலேயே காளை வந்தது. விலங்குக்கு வசனம் வேண்டாம். அதன் கதையை எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்வார். குழந்தைகள் அடம்பிடித்துப் பெற்றோரை அழைத்து வருவார்கள். தேவர் 1967-ல் எடுத்த ‘தெய்வச்செயல்’ யானைக் கதை, தமிழில் எடுபடவில்லை. அதையே இந்திக்குக் கொண்டுபோய், ராஜேஷ் கன்னாவையும் தனுஜாவையும் வைத்து 1971-ல் ‘ஹாத்தி மேரே சாத்தி’யாக எடுத்தார். சலீம்–ஜாவேத் இரட்டையரின் திரைக்கதை, லட்சுமிகாந்த்–பியாரேலால் இசை. அந்த ஆண்டின் பெரும் வெற்றிப் படங்களில் அதுவும் ஒன்று. தமிழில் தோற்ற கதை இந்தியில் வென்று, எம்.ஜி.ஆர். நடிப்பில் ‘நல்ல நேரம்’ என்று மறுபடி தமிழுக்கு வந்தது. ‘ஆசாத்’ காலத்தில் ஸ்ரீராமுலு நாயுடு போட்ட வடக்கத்திய வழியில் 16 ஆண்டுக்குப் பின் போன கோவைக்காரர் தேவர். யானைக்குப் பிறகு பசு வந்தது. 1973-ல் தமிழில் ‘கோமாதா என் குலமாதா’, அதே ஆண்டு இந்தியில் ஜெயா பாதுரி நடித்த ‘காய் அவுர் கோரி’. 1974-ல் பாம்பை வைத்து ‘வெள்ளிக்கிழமை விரதம்’. இதன் இயக்குநர் தேவரின் மருமகன் ஆர்.தியாகராஜன்; நடித்தவர்கள் சிவகுமாரும் ஜெயசித்ராவும்.

தேவரின் இன்னொரு முதலீடு முருகன். மருதமலை முருகனுக்குப் படத்தின் வருவாயில் பங்கு ஒதுக்குவதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். மலைக்கோயிலின் வசதிகள் பெருகியதில் அவர் கொடைக்குப் பெரிய பங்குண்டு. 1972-ல் வந்த ‘தெய்வம்’ முருகன் தலங்களை வைத்துத் தனித்தனிக் கதைகளைக் கோத்த படம். திருமுருக கிருபானந்த வாரியார் திரையில் தோன்றிக் கதைகளை இணைத்தார். இசை குன்னக்குடி வைத்தியநாதன். மதுரை சோமு பாடிய மருதமலைப் பாட்டு, படத்தைத் தாண்டிக் கச்சேரி மேடைக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும் போனது. கோவை வட்டாரத்தின் உள்ளூர்க் கோயில் ஒன்று தமிழ்நாடு முழுக்கப் பெயர் பெற்றதில் இந்தப் பாட்டுக்கும் பங்கு உண்டு.

தயாரிப்பு முறையிலும் தேவர் தனிவழி. பேசிய சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிடுவார். நாள் குறித்து வேலை வாங்குவார். குறித்த நாளில் படத்தை வெளியிடுவார். பெரும்பாலும் அதே இயக்குநர், அதே இசையமைப்பாளர், அதே தொழில்நுட்பக் குழு. மில் ஷிப்டின் ஒழுங்கு ஸ்டுடியோவுக்குள் வந்ததுபோல் இருந்தது அந்த ஏற்பாடு. விநியோகஸ்தருக்குத் தேவர் படம் எப்போது வரும், எந்த வகையாக இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். அந்த உறுதியால்தான் அவர் படங்களுக்குச் சிற்றூர்வரை விலை கிடைத்தது.

உழைப்பாளி நாயகனும் குடும்பத் தலைவனும்

எம்.ஜி.ஆர். படங்கள் அந்நாளில் தனி வகையாகவே கருதப்பட்டன. நாயகன் கைத்தொழிலாளி அல்லது விவசாயி, தாய்மேல் பக்தி, குடியும் புகையும் இல்லை, கடைசியில் நியாயம் வெல்லும். ‘மாட்டுக்கார வேலன்’ (1970) படத்தில் மாடு மேய்ப்பவராகவும் வக்கீலாகவும் இரட்டை வேடம். ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. ஸ்ரீதர் இயக்கிய ‘உரிமைக்குரல்’ (1974) நிலத்தைக் காக்கப் போராடும் விவசாயியின் கதை.

விவசாயி உரிமை கேட்பது கொங்குநாட்டில் அந்த ஆண்டுகளில் திரைக்கு வெளியேயும் நடந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள்மீது 1970 ஜூன் 19-ல் திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தனர். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டத்தில் மாட்டு வண்டிகள் கோவை வீதிகளை நிறைத்தன. பம்பு செட்டை நம்பி வாழ்ந்த மக்களுக்கு, உழவனுக்காக நியாயம் கேட்கும் நாயகன் அந்நியமாகத் தெரிந்திருக்க முடியாது.

சிவாஜி கணேசன் படங்களின் மையம் குடும்பம். ‘வியட்நாம் வீடு’ (1970) ஓய்வுபெற்ற அதிகாரியின் வீழ்ச்சியையும், ‘பாபு’ (1971) ரிக்‌ஷா இழுப்பவரின் தியாகத்தையும், ‘கௌரவம்’ (1973) ஒரு பாரிஸ்டரின் அகந்தையையும், ‘தங்கப்பதக்கம்’ (1974) மகனுக்கும் கடமைக்கும் இடையே சிக்கிய காவல் அதிகாரியையும் சொன்னவை. வியட்நாம் வீடு சுந்தரம், மகேந்திரன் போன்றோரின் எழுத்தில் மேடையில் நிரூபிக்கப்பட்ட நாடகங்களே இவற்றில் பலவற்றுக்கு மூலம். அதனால் வசனம் கனமாகவும், காட்சிகள் பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள்ளேயே நடப்பதாகவும் அமைந்தன. சிவாஜியின் 150-வது படமான ‘சவாலே சமாளி’யும் (1971), பி.மாதவன் இயக்கிய ‘பட்டிக்காடா பட்டணமா’வும் (1972) இதிலிருந்து விலகிக் கிராமத்துக்குப் போயின. கருப்பு வெள்ளையில் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’ வசூலிலும் முன்நின்று, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. அதே ஆண்டு வண்ணத்தில் வந்த ‘வசந்த மாளிகை’ காதல் படங்களில் பெரும் வெற்றி. அது தெலுங்கு ‘பிரேம நகர்’ படத்தின் தமிழ் வடிவம்.

புராணமும் சரித்திரமும்

ஐம்பதுகளில் தளர்ந்திருந்த புராணப் படத்தை 1965-ல் ‘திருவிளையாடல்’ மூலம் நிமிர்த்தியவர் ஏ.பி.நாகராஜன். எழுபதுகளில் அவர் சீர்காழி கோவிந்தராஜனை அகத்தியராக்கி ‘அகத்தியர்’ (1972), அடுத்து ‘காரைக்கால் அம்மையார்’ (1973) என்று தொடர்ந்தார். கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் ‘ஆதி பராசக்தி’ (1971) அம்மன் படங்களுக்கு முன்மாதிரியானது. மாரியம்மன் நோன்பு ஊர்தோறும் நடக்கும் கொங்குநாட்டில் இத்தகைய படம் ஒருமுறை ஓடி முடிந்துவிடுவதில்லை. ஆடி மாதம், மார்கழி, உள்ளூர்த் திருவிழா என்று அதே பிரதி ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தது. புதுப்படம் வாங்கப் பணம் இல்லாத கொட்டகைக்குப் பழைய பக்திப் படமே நம்பகமான சரக்கு. வழக்கமாகப் படத்துக்கு வராத பெண்களும் முதியவர்களும் அன்று வந்தார்கள்.

சரித்திரப் படம் அரிதானது, செலவு மிக்கது. அரு.ராமநாதன் நாடகத்தை வைத்து ஏ.பி.நாகராஜன் இயக்கிய ‘ராஜராஜ சோழன்’ 1973 மார்ச் 31-ல் வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. சினிமாஸ்கோப்பில் காட்சி பக்கவாட்டில் நெருக்கிப் பிலிமில் பதிவாகும். காட்டும்போது தனி லென்ஸ் அதை விரித்து அகன்ற திரையில் விழச் செய்யும். நகர அரங்குகள் திரையை அகலப்படுத்தின. சிற்றூர்க் கொட்டகைக்கு லென்ஸும் செலவு, திரையும் செலவு. அகலத் திரை எல்லா ஊருக்கும் போய்ச்சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

துப்பறிவாளரும் குதிரைவீரரும்

ஜேம்ஸ்பாண்ட் படங்களின் தாக்கத்தில் அறுபதுகளில் தொடங்கிய துப்பறியும் படத்தின் தலைமையகம் சேலம். மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ (இரண்டும் 1966) என்று வரிசையாக எடுத்தது. 1970-ல் ‘சி.ஐ.டி. சங்கர்’, 1971-ல் ‘ஜஸ்டிஸ் விஸ்வநாதன்’, 1972-ல் ‘கருந்தேள் கண்ணாயிரம்’ என்று அந்நிறுவனத்தின் துப்பறியும் பட வரிசை நீண்டது. ரகசிய அறை, சுழலும் சுவர், முகமூடித் தலைவன், கிளப் நடனம் ஆகியவை இவ்வகையின் நிரந்தர உறுப்புகள். ஸ்டுடியோவுக்குள்ளேயே செட் போட்டுக் குறைந்த நாளில் முடிக்க முடிந்ததால், பெரிய நட்சத்திரம் இல்லாமலே போட்ட பணத்தை எடுத்தன. வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவதொரு ஜெய்சங்கர் படம் வந்ததால் அவரை ‘வெள்ளிக்கிழமை ஹீரோ’ என்றே அழைத்தார்கள்.

ஒளிப்பதிவாளர் எம்.கர்ணன் தானே இயக்கத்துக்கு வந்து, இத்தாலிய, அமெரிக்கக் குதிரைப் படங்களின் சாயலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) ஆகிய மூன்றிலும் ஜெய்சங்கர் நாயகன். வெட்டவெளி, பாறை, புழுதி, குதிரைத் துரத்தல், துப்பாக்கிச் சண்டை என்று கதையைவிடக் காட்சிக்கு இடம் தந்தவை இவை. வசனத்தை நம்பிய காலத்தில் கேமராவை நம்பிய படங்கள் என்பது இவற்றின் தனிச்சிறப்பு.

துப்பறியும் வகையின் உச்சச் செலவு ‘உலகம் சுற்றும் வாலிபன்’. மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் விஞ்ஞானியின் கண்டுபிடிப்பைச் சுற்றிய கதை. துப்பறிதலும் விஞ்ஞானக் கற்பனையும் பயணமும் ஒன்றாகக் கலந்தது. எம்.ஜி.ஆர். இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தார். 1970-ல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும், ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் படப்பிடிப்பு நடந்தது. படம் வெளிவந்தது 1973 மே 11-ல். வெளிநாடு என்பது பம்பாய்த் துணி வியாபாரியின் பேச்சில் மட்டும் வந்துபோன ஊர்களில், நகரும் படிக்கட்டையும் கடலடிக் காட்சியையும் தமிழ் நாயகனோடு பார்க்க முடிந்தது.

சிரிப்பும் விமரிசனமும்

நகைச்சுவை அதுவரை பெரும்பாலும் கதையின் ஓரத்தில் தனிப் பகுதியாக ஓடிக்கொண்டிருந்தது. ‘சித்ராலயா’ கோபு எழுதி இயக்க, ஏ.வி.எம். தயாரித்த ‘காசேதான் கடவுளடா’ (1972) படம் முழுவதையும் சிரிப்பாக்கியது. பூட்டிய பெட்டியில் பணம் வைத்திருக்கும் சித்தியிடமிருந்து அதைக் கறக்கப் போலிச் சாமியாரைக் கொண்டுவரும் கதை. சாமியாராக வந்த தேங்காய் சீனிவாசனுக்கு அந்த வேடம் வாழ்நாள் அடையாளமானது. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ (1971) வேறு ரகம். 1968 முதல் மேடையேறிய நாடகம் அது. பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் கல்லறையிலிருந்து எழுந்து வந்து பிரதமராகிறார் என்ற கற்பனையில் தேர்தல் அரசியலைக் கிழித்தது.

குடும்பத்தையும் பெண்ணையும் பற்றிப் பேச்சை மாற்றியவர் கே.பாலசந்தர். ‘நூற்றுக்கு நூறு’ (1971) பொய்ப் பழி சுமத்தப்பட்ட கல்லூரிப் பேராசிரியரின் கதை. ஜெய்சங்கரைச் சண்டையிலிருந்து பிரித்து நடிக்கவைத்தது. ‘அரங்கேற்றம்’ (1973) வறுமைப்பட்ட வைதிகக் குடும்பத்தின் மூத்த மகள், தம்பி தங்கைகளைக் கரையேற்ற உடலை விற்கும் நிலைக்கு வருவதைச் சொல்லிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) வேலைக்குப் போய் வீட்டைச் சுமக்கும் பெண்ணை மையத்தில் நிறுத்தியது. நூற்பாலையிலும் தார் சுற்றும் இடத்திலும் பெண் சம்பாத்தியம் குடும்ப வரவில் சேர்ந்த ஊர்களில், இந்தக் கதையின் சுமை விளக்கம் இல்லாமலே புரிந்தது. ‘அரங்கேற்றம்’, ‘சொல்லத்தான் நினைக்கிறேன்’ (1973) ஆகியவற்றில் நடித்த சிவகுமார், சோமனூருக்கு அருகிலுள்ள சூலூர் வட்டாரத்தின் காசிக்கவுண்டன்புதூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, 1965-ல் திரைக்கு வந்தவர். முரட்டு வீரம் இல்லாத, கூச்சமுள்ள நாயகனுக்கு இடம் கிடைத்ததே புதிய வகைப் படங்களால்தான்.

வணிகக் கணக்குக்கு வெளியே நின்ற படம் ‘திக்கற்ற பார்வதி’. ராஜாஜியின் கதை, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடிப்பு, வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசை. குடி ஒரு கிராமத்துக் குடும்பத்தை அழிப்பதைக் காட்டியது. தமிழ்நாட்டில் 1971-ல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு 1974-ல் மறுபடி வந்த காலத்தில் வெளியானது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றாலும், இத்தகைய படம் சிற்றூர்த் திரைவரை வருவது அபூர்வம்.

பிலிம், நிறம், பிரதி

ஒரு படம் எந்த வகை என்பதைக் கதையோடு பிலிமின் விலையும் தீர்மானித்தது. வண்ணப் பிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. கருப்பு வெள்ளைப் பிலிமுக்கு உள்நாட்டு வழி பிறந்திருந்தது. உதகையில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் உற்பத்தி செய்தது. ஆகவே எம்.ஜி.ஆர். படம், பெரிய காதல் படம், புராணம் ஆகியவற்றுக்கு வண்ணம் எளிதில் கிடைத்தது. நகைச்சுவை, குடும்பம், துப்பறிதல் பெரும்பாலும் கருப்பு வெள்ளையில் நின்றன. போஸ்டரில் ‘ஈஸ்ட்மென் கலர்’ என்ற எழுத்து நாயகன் பெயருக்குச் சமமாகப் பெரிதாக இருந்ததன் காரணம் இதுதான்.

இந்திப் படத் தழுவல் இந்தக் காலத்தின் இன்னொரு வழக்கம். கே.பாலாஜி ‘ஜானி மேரா நாம்’ படத்தை ‘ராஜா’ (1972) என்றும், ‘துஷ்மன்’ படத்தை ‘நீதி’ (1972) என்றும் சிவாஜியை வைத்து எடுத்தார். ‘ஜஞ்சீர்’ எம்.ஜி.ஆர். நடிப்பில் ‘சிரித்து வாழ வேண்டும்’ (1974) ஆனது. ‘ஆராதனா’, ‘பாபி’, ‘யாதோங் கீ பாராத்’ போன்றவை மூலமொழியிலேயே தமிழ்நாட்டு நகரங்களில் ஓடி, அவற்றின் பாட்டுகள் சிற்றூர்க் கல்யாண வீட்டு மைக் செட்டிலும் ஒலித்தன.

கொட்டகை நடந்த விதம்

நகர அரங்கில் படம் ஓடி முடிந்த பிறகே பிரதி அடுத்த நிலை ஊர்களுக்கு நகரும். விநியோகஸ்தர் ஊர்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்தார். கோவை ஏ, தாலுகா ஊர்கள் பி, சோமனூர் அளவுள்ள ஊர்கள் சி. குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, வசூலில் சதவீதம், நாள் வாடகை என்று மூன்று விதமாகப் பேரம் நடந்தது. சி நிலைக்கு வரும்போது பிரதியில் கீறலும் வெட்டும் ஏறியிருக்கும். பிலிம் பெட்டி ரயிலிலோ பஸ்சிலோ வரும். பெட்டி வராவிட்டால் ஆட்டம் இல்லை.

டூரிங் டாக்கீஸ் என்பது குறுகிய கால உரிமத்தில் நடந்த கீற்றுக் கொட்டகை. பக்கம் திறந்தது, ஆகையால் பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம், பத்து மணி வாக்கில் இரண்டாம் ஆட்டம். தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே தட்டி. பகலில் மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ தட்டி கட்டி, ஒலிபெருக்கியில் கூவி, நோட்டீஸ் வீசிப் போவார்கள். மாலையில் குழாய் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு இசைத்தட்டு ஓடினால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சுற்றுப்பட்டு ஊருக்குத் தெரியும்.

படத்துக்கு முன் அரசின் செய்திப் படம் கட்டாயம். 35 மி.மீ. பிலிமில் ஆயிரம் அடி ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். 16,000 அடிப் படம் மூன்று மணி நேரம். ஒற்றை ப்ரொஜெக்டர் உள்ள கொட்டகையில் சுருள் மாற்றப் படத்தை நிறுத்த வேண்டும். அதனால் ஒரே இடைவேளைக்குப் பதில் மூன்று நான்கு வரும். வெளிச்சம் இரண்டு கார்பன் குச்சிகளின் நடுவே எரியும் சுடரிலிருந்து வந்தது. குச்சி தேயத் தேய ஆப்பரேட்டர் இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். தவறினால் திரை மங்கும். பைக்காரா மின்சாரம் 1930-களிலேயே கோவைப் பகுதிக்கு வந்ததால்தான் இங்கே ஆலையும் தறியும் பம்பு செட்டும் பெருகின. திரையரங்கும் அதே கம்பியை நம்பியது. மின்வெட்டு வந்தால் தறி நிற்கும், படமும் நிற்கும்; ஆயில் இன்ஜின் வைத்திருந்த கொட்டகை மட்டும் ஓடும்.

அரசியல்

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். அதே மாதம் 17-ல் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியான ஒன்பது நாளில், 1973 மே 20-ல், திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல் நடந்தது; புதிய கட்சி வென்றது. 1974-ல் கோவையில் இரண்டு இடைத்தேர்தல்கள் வந்தன. கோவை மேற்குச் சட்டமன்றத் தொகுதியை அண்ணா தி.மு.க.வின் செ.அரங்கநாயகமும், மக்களவைத் தொகுதியை அக்கட்சியின் ஆதரவோடு நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணனும் கைப்பற்றினர். ரசிகர் மன்றங்கள் கட்சிக் கிளைகளாக மாறிய அந்தக் காலத்தில், எம்.ஜி.ஆர். படம் வருவது ஊரில் தேர்தல் வேலைக்கும் ஒத்திகையாயிற்று. கொங்குநாடு அந்தக் கட்சியின் பலமான பகுதியாக நிலைத்ததன் வேர்களில் கொட்டகையும் ஒன்று.

காலத்தின் முடிவு

1975-க்குப் பிறகு இந்த ஏற்பாடு தளர்ந்தது. 1976-ல் தேவராஜ்–மோகன் இயக்கிய ‘அன்னக்கிளி’ வந்தது. நாயகன் சிவகுமார், இசை புதியவர் இளையராஜா, படப்பிடிப்பு பவானிசாகருக்கு அப்பால் மாயாற்றங்கரையிலுள்ள தெங்குமரஹாடாவில். ஸ்டுடியோச் செட்டை விட்டு உண்மையான கிராமத்துக்குப் போன படம் பெரும் வெற்றி பெற்றதும், படப்பிடிப்புக் குழுக்கள் கொங்குநாட்டுக்குத் திரும்பின. கோபிசெட்டிபாளையம், பொள்ளாச்சி, சத்தியமங்கலம் வட்டாரங்கள் திரைக்களங்களாயின. கோபி அருகே வெள்ளாங்கோவிலில் பிறந்த பாக்யராஜ் இப்பகுதியின் பேச்சையும் பழக்கவழக்கத்தையும் கதைக்குள் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1977-ல் முதலமைச்சராகி நடிப்பை நிறுத்தினார். சின்னப்பா தேவர் 1978 செப்டம்பரில் காலமானார். மாடர்ன் தியேட்டர்ஸ் எண்பதுகளில் ஓய்ந்தது.

வகைகளில் சில மறைந்தன. தமிழ்க் குதிரைப் படம் தொடரவில்லை. சரித்திரப் படம் நெடுங்காலம் கைவிடப்பட்டது. அம்மன் படமும் விலங்குப் படமும் எண்பது, தொண்ணூறுகளிலும் நிலைத்தன. பாலசந்தர் தொடங்கிய குடும்ப விமரிசனம் அடுத்த தலைமுறை இயக்குநர்களின் பொதுச் சொத்தானது. கீற்றுக் கொட்டகைகள் தொலைக்காட்சியும் வீடியோவும் பரவிய பிறகு ஒவ்வொன்றாக உரிமம் புதுப்பிக்காமல் மறைந்தன. ஊரின் ஒரே திரையில் எல்லா வகையும் முறைவைத்து ஓடிய ஏற்பாடும் அவற்றோடு முடிந்தது.